தோற்றவருக்கும் ஒரு பங்கு: உருகுவேயில் தாராளவாதம் வேர்பிடித்த கதை

உருகுவேயின் அரசு நாட்காட்டியில் கிறிஸ்துமஸ் என்ற பெயர் இல்லை. டிசம்பர் 25 அங்கே ‘குடும்ப தினம்’. மூன்று ராஜாக்கள் திருநாளான ஜனவரி 6 ‘குழந்தைகள் தினம்’. மாதாவின் அமலோற்பவத் திருநாளான டிசம்பர் 8 ‘கடற்கரை தினம்’ ஆனது. ஈஸ்டருக்கு முந்தைய புனித வாரத்துக்குப் பெயர் ‘சுற்றுலா வாரம்’. 1919 அக்டோபரில் போட்ட சட்டம் இது. வீட்டுப் பேச்சில் கிறிஸ்துமஸ் என்றுதான் சொல்கிறார்கள். ஆனால் அதற்குப் பின் எத்தனையோ கட்சிகள் ஆண்டும், பழைய பெயர்கள் சட்டத்துக்குள் திரும்பவில்லை.

பிரேசிலுக்கும் அர்ஜென்டினாவுக்கும் நடுவில் சுமார் 35 லட்சம் பேர் வாழும் நாடு அது. மரண தண்டனையை 1907ல் ஒழித்தது. அதே ஆண்டில் விவாகரத்துச் சட்டம் வந்தது. காரணம் எதுவும் காட்டாமல் மனைவி தன் விருப்பத்தால் மட்டுமே மணவிலக்குப் பெறலாம் என்று 1913ல் திருத்தினார்கள். ஆற்றுக்கு அந்தக் கரையில் உள்ள அர்ஜென்டினாவில் நிலையான விவாகரத்துச் சட்டம் வர 1987 ஆயிற்று. சிலியில் 2004. கருக்கலைப்பு உரிமை 2012ல், ஒருபால் திருமணமும் கஞ்சா ஒழுங்குமுறையும் 2013ல், கருணைக்கொலைச் சட்டம் 2025ல் என்று அந்தப் பாதை உருகுவேயில் இன்னும் நீள்கிறது. நடுவில் ஆட்சிக் கவிழ்ப்புகளும் 12 ஆண்டு ராணுவ ஆட்சியும் வந்துபோயின. சீக்கிரம் வந்தது வியப்பில்லை. நல்ல சட்டம் பல நாடுகளில் சீக்கிரமே வந்திருக்கிறது. இங்கே அது போகாமல் நின்றதுதான் ஆராய வேண்டியது.

சொல்லைப் பற்றி ஒரு தெளிவு வேண்டும். தமிழில் தாராளவாதம் என்றால் பலருக்கு 1991ன் தாராளமயம் நினைவுக்கு வரும். உருகுவேயில் இரண்டும் எதிரெதிர் திசையில் போயின. தனிமனித உரிமையிலும் மதச்சார்பின்மையிலும் அவ்வளவு தாராளமாக இருந்த அதே வாக்காளர்கள், அரசு நிறுவனங்களை விற்க வழிசெய்த சட்டத்தை 1992ல் சுமார் 72% வாக்குகளால் தூக்கி எறிந்தார்கள். இங்கே தாராளவாதம் என்று சொல்வது முதல் பொருளில்: பிறர் எப்படி வாழ்கிறார் என்பதில் அரசும் மதமும் தலையிடாமை, கருத்து மாறுபட்டவரையும் சகித்து ஆளுதல்.

எளிதாகச் சொல்லப்படும் காரணங்கள் மூன்று. மூன்றும் பக்கத்து நாட்டில் வைத்துப் பார்த்தால் நிற்பதில்லை. ஐரோப்பாவிலிருந்து குடியேறியவர்கள் நிறைய, அவர்கள் கொண்டுவந்த சிந்தனை என்பது முதலாவது. 1860 கணக்கெடுப்பில் உருகுவேயில் இருந்தவர்களில் சுமார் மூன்றில் ஒருவர் வெளிநாட்டில் பிறந்தவர் என்பது உண்மை. ஆனால் அதே கப்பல்களில் அதே இத்தாலியரும் ஸ்பானியரும் புவெனஸ் அயர்ஸிலும் இறங்கினார்கள். சின்ன நாடு, அதனால் எளிது என்பது இரண்டாவது. பராகுவேயும் சின்ன நாடுதான். அங்கே ஸ்ட்ரோஸ்னர் என்ற ஒரே ராணுவத் தளபதி 1954 முதல் 1989 வரை ஆண்டார். மூன்றாவது, ஒரு பெரிய தலைவர் செய்தார் என்பது. ஹோசே பாட்யே இ ஒர்தோன்யெஸ் 1903 முதல் 1907 வரையும் 1911 முதல் 1915 வரையும் அதிபராக இருந்தார். மேலே சொன்ன பழைய சட்டங்கள் பலவற்றின் பின்னால் அவர் இருக்கிறார். ஆனால் பெரிய தலைவரின் சட்டம் அவரோடு போய்விடக் கூடும். அர்ஜென்டினாவில் பெரோன் 1954ல் விவாகரத்தை அனுமதித்தார். அவரைக் கவிழ்த்த ராணுவ ஆட்சி அதை நிறுத்திவைத்தது. ஒரு தரப்பு மட்டும் போட்ட சட்டம், அந்தத் தரப்பு விழுந்ததும் விழுந்தது.

எதிர்க்க வலுவான ஆள் இல்லாத நிலம்

தொடக்கத்தில் உதவியது ஏழ்மை என்றே சொல்லலாம். ஸ்பெயினுக்கு இங்கே வெள்ளியோ தங்கமோ கிடைக்கவில்லை. 1611லும் 1617லும் ஆளுநர் எர்னாந்தாரியாஸ் மாடுகளைக் கொண்டுவந்து மேய விட்டார், அவை பெருகின. நூறு ஆண்டுகளுக்கு அதுதான் நாட்டின் செல்வம். தலைநகரான மொண்டேவிடியோவே 1720களில்தான் எழுந்தது. பெருவின் லிமாவுக்கு 1546லேயே பேராயர் வந்துவிட்டார். மொண்டேவிடியோவுக்கு முதல் ஆயர் 1878ல்தான். கோயில் நிலம் குறைவு, குருக்கள் குறைவு. பண்ணையோடு கட்டிப்போட்ட பழங்குடிக் கிராமங்களும் அவர்களை ஆளும் பழைய பிரபுக்களும் இல்லை. சட்டம் போட வந்தவர்கள் மோத வேண்டிய சுவர்கள் தாழ்வாக இருந்தன.

தாழ்ந்த சுவரையும் ஒரே தாவலில் தாண்டவில்லை. 1861 ஏப்ரலில் யாக்கோப்சன் என்ற ஜெர்மானியர் சான் ஹோசே ஊரில் இறந்தார். கத்தோலிக்கர், திருச்சபை தடைசெய்திருந்த ஃப்ரீமேசன் என்ற ரகசியச் சங்கத்தின் உறுப்பினரும்கூட. ஊர்க் குரு அடக்கம் செய்ய மறுத்தார். உடலைத் தலைநகருக்குக் கொண்டுவந்தார்கள். அங்கே திருச்சபையின் தலைவராக இருந்த ஹசிந்தோ வேராவும் மறுத்தார். உடலை வைத்துக்கொண்டு எங்கே போவது? அரசு அந்த மாதமே கல்லறைகளைத் திருச்சபையிடமிருந்து எடுத்து, தன் பொறுப்பில் வைத்துக்கொண்டது. ஒரு பிணத்துக்கு ஆறடி இடம் கேட்டதில் தொடங்கிய வேலை அது.

அதன்பின் நடந்த வரிசையைப் பாருங்கள். கல்லறை 1861ல், பள்ளி 1877ல், பிறப்பு இறப்புப் பதிவு 1879ல், திருமணம் 1885ல். அந்த ஆண்டுமுதல் பதிவாளர் முன்னால் மணந்த பிறகே கோயிலில் மணக்கலாம். 1906ல் அரசு மருத்துவமனைகளிலிருந்து சிலுவைகளை அகற்றினார்கள். 1909ல் அரசுப் பள்ளியில் மதப் பாடத்துக்குத் தடை. 1919ல் அரசியலமைப்பு அரசையும் திருச்சபையையும் பிரித்தது. குருவின் கையிலிருந்த ஒவ்வொரு அன்றாட வேலையும் ஒரு எழுத்தரின் மேசைக்குப் போக ஏறத்தாழ 60 ஆண்டு ஆயிற்று. கடைசியில் பிரிவினை என்று எழுதியபோது, பிரிப்பதற்கு அதிகம் மிச்சமில்லை.

அப்போதும் தோற்ற தரப்பை வெறுங்கையோடு அனுப்பவில்லை. அரசுப் பணத்தில் கட்டிய கோயில்கள் உட்பட எல்லாக் கோயில்களும் திருச்சபைக்கே சொந்தம் என்று அதே 1919 அரசியலமைப்பு எழுதிக் கொடுத்தது. மருத்துவமனை, சிறை, காப்பகங்களுக்குள் இருந்த சிற்றாலயங்கள் மட்டும் விலக்கு. வழிபாட்டு இடங்களுக்கு வரியும் இல்லை. ஆயர் நியமனத்தில் தலையிடும் உரிமையையும் அரசு கைவிட்டது. திருச்சபைக்கு அது இழப்பும்தான், விடுதலையும்தான். வீதியில் இறங்கிப் போராடக் காரணம் குறைந்துபோனது.

சிலுவை அகற்றியதை எதிர்த்தவர்களில் முக்கியமானவர் ஹோசே என்ரிகே ரோதோ. அவர் பக்தர் அல்லர், பாட்யேயின் கொலொராடோ கட்சிக்காரர், தாராளவாதி. மதத்தைத் துரத்துவது சகிப்பின்மை என்று பத்திரிகையில் எழுதினார். பாட்யேயின் ‘எல் தியா’ பத்திரிகையோ கடவுள் என்ற சொல்லைக்கூடச் சிறிய எழுத்தில் தொடங்கி அச்சிட்டது. ரோதோ சொன்னதில் நியாயம் இருந்தது. அந்த விவாதம் இன்னும் முடியவில்லை: 1987ல் போப்பின் வருகைக்காக மொண்டேவிடியோவில் நட்ட பெரிய சிலுவையைப் பொது இடத்தில் விட்டுவைக்கலாமா என்று நாடாளுமன்றமே கூடி விவாதித்து, விடலாம் என்று முடிவு செய்தது.

பள்ளிச் சட்டத்தின் பின்னணியும் இதே வகை. அதை வடித்த ஹோசே பெத்ரோ வரேலா, சர்வாதிகாரி லத்தோர்ரேயின் ஆட்சியில் பதவி ஏற்றதற்காக நண்பர்களிடம் வசை வாங்கினார். இலவசம், கட்டாயம் என்ற இரண்டையும் முழுதாகப் பெற்றார். மதச்சார்பின்மையைப் பாதிதான் பெற்றார்: பெற்றோர் மறுத்தால் பிள்ளைக்கு மதப் பாடம் வேண்டாம் என்ற அளவில். மீதி 32 ஆண்டு கழித்து வந்தது. வரேலா 34 வயதில் இறந்துவிட்டார். அரசுப் பள்ளிப் பிள்ளைகள் இன்றும் வெள்ளை அங்கி போட்டு, கழுத்தில் பெரிய நீல நாடா முடிந்து போகிறார்கள். அங்கிக்கு உள்ளே இருப்பது எந்த வீட்டுச் சட்டை என்று வெளியே தெரியாது.

ரத்தத்தில் கற்ற பாடம்

இதுவரை சொன்னது சட்டம் எப்படி வந்தது என்பது. எப்படி நின்றது என்பதற்கு இரண்டு நாடாக்களிடம் போக வேண்டும். 1836ல் கார்பின்தேரியா போர்க்களத்தில் ஒரு படை வெள்ளை நாடா கட்டியது. எதிர்ப்படை கட்டிய வெளிர்நீலம் வெயிலில் வெளுத்து, ஆளை அடையாளம் தெரியாமல் போனதால் சிவப்புக்கு மாறியது என்பார்கள். வெள்ளைக்கு பிளாங்கோ, சிவப்புக்கு கொலொராடோ என்று இரண்டு கட்சிகளின் பெயரும் அங்கிருந்தே வந்தது. நகரமும் துறைமுகமும் பெரும்பாலும் சிவப்பு. நாட்டுப்புறமும் பண்ணையும் பெரும்பாலும் வெள்ளை. 1843 முதல் 1851 வரை பிளாங்கோக்கள் மொண்டேவிடியோவை முற்றுகையிட்டுக் கிடந்தார்கள். முடிவில் எழுதிய ஒப்பந்தத்தில் இருந்த வரி: ‘வென்றவரும் இல்லை, தோற்றவரும் இல்லை.’

எவராலும் மற்றவரை அழிக்க முடியவில்லை என்பதுதான் அந்த வரியின் பொருள். அடுத்த அரை நூற்றாண்டு கலகங்களில் கழிந்தது. 1872 சமாதானத்தில் பிளாங்கோக்களுக்கு நான்கு மாவட்டங்களின் தலைமைப் பதவி கிடைத்தது. 1897 கலகத்துக்குப் பின் 19ல் 6. ஆட்சியில் இல்லாத கட்சிக்கு நிலமாகவே பங்கு பிரித்துத் தந்தார்கள். இந்த ஏற்பாட்டில் கோளாறு இருந்தது. அந்த மாவட்டங்களில் போலீசும் தேர்தலும் பிளாங்கோக்கள் கையில். அவர்களுடைய தலைவர் அபரிசியோ சரவியாவின் பண்ணை இரண்டாவது தலைநகரம்போல் ஆகிவிட்டது. 1903ல் அதிபரான பாட்யே, ஆறில் இரண்டை பிளாங்கோக்களில் தனக்கு இணக்கமான பிரிவுக்குக் கொடுத்தார். போர் மூண்டது. 1904 செப்டம்பர் 1ல் மசோயேரில் சரவியா குண்டடிபட்டு, 10ம் தேதி இறந்தார்.

அரசு முழு வெற்றி பெற்றது. வேறு இடமாக இருந்தால் கதை இங்கே ஒருகட்சி ஆட்சியாக முடிந்திருக்கும். பங்கு என்ற பழக்கம் மட்டும் சாகவில்லை. நிலப் பங்கு போய், வாக்குப் பங்கு வேண்டும் என்ற கோரிக்கையாக மாறியது. ரகசிய வாக்கு, விகிதாசாரப் பிரதிநிதித்துவம் என்ற இரண்டையும் பிளாங்கோக்கள் விடாமல் கேட்டார்கள். 1910 தேர்தலைப் புறக்கணித்தார்கள்.

1913ல் பாட்யே தானே ஒரு திட்டம் வைத்தார்: ஒற்றை அதிபர் வேண்டாம், ஒன்பது பேர் குழு ஆளட்டும். அவர் கட்சியே அதில் உடைந்தது. அரசியலமைப்பை மாற்ற ஓர் அவை தேர்ந்தெடுக்க வேண்டும். அதற்கான தேர்தல் 1916 ஜூலை 30ல் நடந்தது. நாட்டின் வரலாற்றில் முதல்முறையாக எல்லா ஆண்களுக்கும் வாக்கு, அதுவும் ரகசிய வாக்கு. பாட்யே தரப்பு தோற்றது. சீர்திருத்தத்தின் தந்தை, தான் திறந்துவைத்த நேர்மையான முதல் தேர்தலிலேயே தோற்றார். உருகுவேயின் அரசியல் பண்பாடு உருவான நாள் எது என்று கேட்டால், இந்த நாளைத்தான் சொல்ல வேண்டும்.

அவர் கையில் ஒரு சீட்டு மிச்சமிருந்தது. பழைய அரசியலமைப்பே தொடர்ந்தால், அதிபரைத் தேர்ந்தெடுப்பது நாடாளுமன்றம். அதில் அவர் ஆட்கள் வலுவாக இருந்தார்கள். மூன்றாம் முறை அதிபராக வருவேன் என்ற அச்சுறுத்தல் போதுமாக இருந்தது. வென்றவர்களும் தோற்றவரும் பேரத்துக்கு உட்கார்ந்து, 1917ல் உடன்பாடு கண்டார்கள். அதிகாரத்தை இரண்டாக வெட்டினார்கள். வெளியுறவு, ராணுவம், போலீஸ் அதிபருக்கு. கல்வி, சுகாதாரம், நிதி, பொதுப்பணி ஒன்பது பேர் குழுவுக்கு. அந்தக் குழுவில் மூன்றில் ஒரு பங்கு இரண்டாவதாக வந்த கட்சிக்கு. இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மூன்று இடங்களுக்குத் தேர்தல். இரண்டு வென்றவருக்கு, ஒன்று தோற்றவருக்கு. பிளாங்கோக்கள் கேட்ட ரகசிய வாக்கும் விகிதாசாரமும் அரசியலமைப்பில் ஏறின. தோற்றவருக்கும் ஆட்சியில் நாற்காலி உண்டு என்றானபின், துப்பாக்கியை எடுத்துக் காட்டுக்குப் போக வேண்டிய தேவை எங்கே? 1924ல் எந்தக் கட்சியின் கைக்கும் அடங்காத தேர்தல் நீதிமன்றம் அமைந்தது. வாக்காளர் பட்டியலிலிருந்து முடிவு அறிவிப்புவரை இன்றும் அதன் பொறுப்பு.

கட்சிகளுக்கு உள்ளேயும் இதே கணக்கு ஓடியது. 1910ல் வந்த இரட்டை வாக்கு முறையில், ஒரே சீட்டு முதலில் கட்சிக்கும், அதற்குள் ஒரு பிரிவின் வேட்பாளருக்கும் சேர்த்து விழும். ஒரு கட்சியில் மூன்று பிரிவுகள் 20, 15, 6 என்று வாங்கினால் கட்சியின் கூட்டு 41. எதிர்க்கட்சியில் இரண்டு பிரிவுகள் 26, 14 வாங்கினால் கூட்டு 40. 41 வாங்கிய கட்சி வெல்லும்; அதில் 20 வாங்கியவர் அதிபர் ஆவார். அதிருப்தியாளர் கட்சியை உடைக்க வேண்டியதில்லை, தன் கருத்தோடு உள்ளேயே இருக்கலாம். ஆனால் 26 வாங்கிய மனிதர் தோற்றுப்போகிறார். 1971ல் நடந்தது அதுதான். தனிநபராக அதிக வாக்கு பெற்றவர் பிளாங்கோ கட்சியின் ஃபெரேய்ரா அல்துனாதே. கட்சிக் கூட்டில் மிகச் சிறிய வித்தியாசத்தில் முந்திய கொலொராடோவின் போர்தபெர்ரி அதிபரானார். 1973 ஜூன் 27ல் ராணுவத்தோடு சேர்ந்து நாடாளுமன்றத்தை மூடியவர் அவரே. அதிபர் தேர்தலில் இந்த முறையைக் கைவிட 1996ல் திருத்தம் வந்தது.

பேரத்தின் விலை

பங்கு கொடுத்து வாங்கிய அமைதிக்கு விலை இருந்தது, அதை அதிகம் கொடுத்தவர்கள் நாட்டுப்புற ஏழைகள். பாட்யே காலத்துச் சீர்திருத்தம் நிலத்தைத் தொடவில்லை. பெரிய மாட்டுப் பண்ணைகள் அப்படியே இருந்தன. பண்ணையார்கள் தங்கள் கூட்டமைப்பைக் கட்டிக்கொண்டார்கள். கம்பளியும் இறைச்சியும் கப்பலேறின. சுங்க வருவாயில் நகரத்தில் பள்ளியும் ஓய்வூதியமும் வளர்ந்தன. 1915ல் எட்டு மணி நேர வேலைச் சட்டம் வந்தது. 1918ல் வந்தது நாற்காலிச் சட்டம்: பெண்கள் வேலை செய்யும் கடையும் பட்டறையும் அவர்கள் உட்கார நாற்காலி போட்டாக வேண்டும். அவ்வளவு நுணுக்கமாக யோசித்த நாட்டில், எட்டு மணி நேரச் சட்டம் பண்ணைக் கூலிகளுக்கு வந்து சேர்ந்தது 2008 டிசம்பரில். 93 ஆண்டுகள்!

பெண்களின் வாக்கும் தாமதம்தான். தேசிய அளவில் 1932ல் சட்டமாகி, 1938ல் முதல்முறை பயன்பட்டது. ஆனால் அதற்கு முன் செர்ரோ சாத்தோ என்ற சிற்றூரில் ஒன்று நடந்தது. ஊர் மூன்று மாவட்டங்களின் எல்லையில் கிடந்தது. எந்த மாவட்டத்தோடு சேர்வது என்று 1927 ஜூலை 3ல் ஊரார் வாக்களித்தார்கள். ஆண், பெண், நாட்டவர், வெளிநாட்டவர் என்று பாராமல் எல்லாருக்கும் வாக்கு உண்டு என்று தேர்தல் நீதிமன்றம் சொல்லிவிட்டது. தென்னமெரிக்காவில் பெண்கள் வாக்களித்த முதல் நிகழ்வு என்று அதைச் சொல்கிறார்கள். பிரேசிலில் பிறந்த, 90 வயதான ஒரு கறுப்பின மூதாட்டி முதல் பெண்ணாக வாக்களித்தார். ஊர் மட்டும் இன்றும் மூன்று மாவட்டங்களில்தான் கிடக்கிறது.

பங்கு முறை எங்கே அழுகும் என்பதற்கும் உருகுவேதான் பாடம். 1931ல் அரசு எண்ணெய் நிறுவனம் அமைத்தபோது, கொலொராடோ, பிளாங்கோ இரண்டு கட்சிகளிலும் ஒரு பிரிவு சேர்ந்து அரசு வேலைகளைக் கட்சி விகிதப்படி பங்கிட்டுக்கொண்டது. வெளியே நிறுத்தப்பட்ட எதிரிகள் அதற்கு ‘சிஞ்சுலின் ஒப்பந்தம்’ என்று பெயர் வைத்தார்கள். சிஞ்சுலின் என்றால் நெருப்பில் வாட்டிய மாட்டுக் குடல். இரண்டு ஆண்டில், 1933 மார்ச் 31ல், அதிபர் தெர்ராவே ஆட்சியைக் கவிழ்த்துக்கொண்டு சர்வாதிகாரி ஆனார். பெண்களின் உரிமைக்காக வாதாடிய முன்னாள் அதிபர் பல்தசார் ப்ரூம், அன்று தன் வீட்டு வாசலில் துப்பாக்கியோடு நின்றார். யாரும் எழவில்லை. நடுத்தெருவில் தன்னைத்தானே சுட்டுக்கொண்டார். 1952 அரசியலமைப்பு அரசு நிறுவன இயக்குநர் பதவிகளை வென்றவருக்கு மூன்று, தோற்றவருக்கு இரண்டு என்று எழுதியே வைத்தது. வேலைக்கும் ஓய்வூதியத்துக்கும் கட்சிக்காரரைப் பார்க்க வேண்டிய நிலை. கொரியப் போர் முடிந்து கம்பளி விலை சரிந்ததும் பங்கிட எதுவும் இல்லை. 1958ல் 93 ஆண்டுக்குப் பின் பிளாங்கோக்கள் தேர்தலில் வென்று ஆட்சிக்கு வந்தார்கள். அதிகாரம் அமைதியாகக் கைமாறியது. பொருளாதாரம் மாறவில்லை. 1967ல் விலைவாசி ஒரே ஆண்டில் இரட்டிப்பைத் தாண்டியது. துபமாரோ கெரில்லாக்கள் ஒருபுறம், ராணுவம் மறுபுறம் என்று 1973 வந்தது. எல்லாரும் பங்கு வாங்கிய அமைப்பில், பொறுப்பு ஏற்க ஒருவரும் இல்லாமல் போனார்கள்.

வாக்குச்சீட்டைக் கைவிடாத பழக்கம்

ராணுவம் ஆயிரக்கணக்கானோரைச் சிறையில் தள்ளியது, பலரைக் காணாமல் ஆக்கியது. இருந்தும் அந்த ராணுவமே 1980 நவம்பர் 30ல் தன் அரசியலமைப்பு வரைவை மக்கள் வாக்குக்கு விட்டது. வாக்கு இல்லாத அதிகாரத்தை அந்த நாட்டில் ராணுவத்தாலும் நியாயப்படுத்த முடியவில்லை. இரு தரப்பிலும் இருவர் உட்கார்ந்து வாதிட்ட ஒரே ஒரு தொலைக்காட்சி விவாதத்தையும் அனுமதித்தார்கள். சுமார் 57% பேர் ‘இல்லை’ என்றார்கள். முடிவை மறைக்கவோ திருத்தவோ இல்லை, அறிவித்தார்கள். 1985ல் ராணுவம் வெளியேறியது.

அதன்பின் பண்பாட்டைக் காத்த கருவி நேரடி வாக்கெடுப்பு. அதன் விதிகள் தெரிந்தால்தான் பலம் புரியும். ஒரு சட்டம் வந்த ஓர் ஆண்டுக்குள், பதிவான வாக்காளரில் 25% பேர் கேட்டால் அதை மக்கள் வாக்குக்கு விட வேண்டும். வரிச் சட்டங்களுக்கு இது பொருந்தாது. அரசியலமைப்பைத் திருத்த 10% கையெழுத்து போதும். அடுத்த பொதுத்தேர்தலோடு வாக்கெடுப்பு. வாக்களித்தோரில் பாதிக்கு மேல் ஆதரிக்க வேண்டும், அந்த ஆதரவு பதிவான வாக்காளரில் 35% ஆவது இருக்க வேண்டும். திருத்தத்துக்கு ‘ஆம்’ சீட்டு மட்டும்தான் உண்டு. உறைக்குள் அதைப் போடாவிட்டால் ‘இல்லை’ என்றே கணக்கு. அக்கறையில்லாதவர்கள் எல்லாரும் தானாகப் பழைய நிலையின் பக்கம் சேர்ந்துவிடுகிறார்கள். வாக்களிப்பு கட்டாயம் என்பதால் அவர்களும் சாவடிக்கு வந்தாக வேண்டும்.

இந்தக் கருவி நியாயத்தின் பக்கமே சாயும் என்று நம்பக் கூடாது. ராணுவத்தினர் செய்த கொடுமைகளுக்குத் தண்டனை இல்லை என்று 1986ல் சட்டம் வந்தது. எதிர்த்து 6 லட்சத்துக்கும் மேற்பட்டோர் கையெழுத்திட்டார்கள். 1989 வாக்கெடுப்பில் பச்சைச் சீட்டு நீக்க, மஞ்சள் சீட்டு வைத்திருக்க. மஞ்சள் வென்றது. 2009ல் மறுபடி முயன்றபோது சுமார் 48% வரை வந்து, ‘ஆம்’ சீட்டுக் கணக்கில் தோற்றது. காணாமல் போனவர்களின் படங்களை ஏந்தி, ஒவ்வொரு மே 20லும் மொண்டேவிடியோவில் மௌனமாக நடக்கிறார்கள். தாராளவாதம் வேரூன்றிய நாட்டில்தான் இதுவும் நடக்கிறது.

புதிய சட்டங்களை எழுதும் விதத்திலும் பழைய பேரம் தெரிகிறது. இடதுசாரிகளின் பரந்த முன்னணி 2005ல் ஆட்சிக்கு வந்தது. 2008ல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய கருக்கலைப்புச் சட்டத்தைத் தடுத்தவர் அதே முன்னணியின் அதிபர் தபாரே வாஸ்கெஸ், அவர் மருத்துவர். 2012ல் கீழவையில் 50க்கு 49 என்று ஒரே வாக்கில் நிறைவேறிய சட்டம், அதற்கேற்ற நிபந்தனைகளோடு வந்தது. 12 வாரத்துக்குள் இருக்க வேண்டும். முதலில் மருத்துவர், பிறகு மூன்று துறை நிபுணர்களின் ஆலோசனை, பிறகு ஐந்து நாள் யோசிக்கும் அவகாசம், அதன்பின்பே பெண்ணின் இறுதி முடிவு. பெண்கள் அமைப்புகளுக்கு அந்த ஐந்து நாள் பிடிக்கவில்லை. எதிர்த்தவர்களுக்குச் சட்டமே பிடிக்கவில்லை. 2013 ஜூனில் அதை வாக்கெடுப்புக்குக் கொண்டுபோக ஆதரவு கேட்ட நாளில், 25% தேவைப்பட்ட இடத்தில் வந்தவர்கள் 9%ஐக்கூடத் தொடவில்லை.

கஞ்சா சட்டத்திலும் அளவுதான் எல்லாம். வீட்டில் ஆறு செடி, ஆண்டுக்கு 480 கிராம். 15 முதல் 45 பேர் கொண்ட சங்கம் என்றால் 99 செடிவரை. மருந்துக்கடையில் மாதம் 40 கிராம். மூன்றில் எந்த வழியானாலும் பதிவு கட்டாயம். 2017 ஜூலையில் கடைகள் விற்கத் தொடங்கியதும், யாரும் எதிர்பாராத இடத்தில் முட்டியது. அமெரிக்க வங்கிச் சட்டத்துக்கு அஞ்சிய உள்ளூர் வங்கிகள் அந்தக் கடைகளின் கணக்கை மூடுவதாகச் சொன்னதால், சில கடைகள் பின்வாங்கின.

2020ல் பிளாங்கோ கட்சியின் லகாயே போவ் அதிபரானார். வலப்பக்கம் சாய்ந்த கூட்டணி அது. கருக்கலைப்பு, ஒருபால் திருமணம், கஞ்சா என்ற மூன்று சட்டங்களும் ஐந்து ஆண்டும் அப்படியே இருந்தன. 2024 தேர்தலில் வென்ற முன்னணியிடம் 2025ல் ஆட்சி மறுபடி வந்தது.

பங்கு பிரித்தபோது மேசைக்கே அழைக்கப்படாதவர்கள் இருக்கிறார்கள். அடிமை முறையை மொண்டேவிடியோ அரசு 1842லும், முற்றுகையிட்டிருந்த பிளாங்கோ அரசு 1846லும் ஒழித்தன. கறுப்பினத்தவருக்கு அரசுக் காலியிடங்களில் 8% ஒதுக்கிய சட்டமோ 2013ல்தான் வந்தது. சர்ரூவா பழங்குடியினரை 1831ல் சல்சிபுவேதெஸில் நாட்டின் முதல் அதிபர் ரிவேராவின் படை கொன்று குவித்தது. பிழைத்தவர்களில் நான்கு பேரை 1833ல் பாரிஸுக்குக் கொண்டுபோய்க் காட்சிப்பொருளாக வைத்தார்கள். அவர்களில் ஒருவர் வைமாக்கா என்ற தலைவர். அதே ஆண்டில் அங்கேயே இறந்தார். ஓர் ஐரோப்பியரை அடக்கம் செய்ய இடம் தேடி 1861ல் கல்லறைகளையே தன் கைக்கு எடுத்த அரசு, வைமாக்காவின் எலும்புகளை 2002ல் திருப்பிக் கொண்டுவந்து மொண்டேவிடியோ மத்தியக் கல்லறையின் தேசிய நினைவகத்தில் வைத்தது.